உப்புக் காற்றில் ஒரு செலிக்கா: றிம், ரயர், மட்காட் விளிம்பு

எங்கள் மாமாவின் 1974ஆம் ஆண்டு டொயோட்டா செலிக்கா லிஃப்ட்பாக் (பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் பின்கதவுள்ள வகை), திருகோணமலை உவர்மலையில் கடலைப் பார்த்த ஒரு தகரக் கொட்டிலுக்குள் பதினொரு ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்தது. 1977இற்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் வந்த வண்டி. அதன் நம்பர் தகட்டில் இன்றும் பழைய பதிவுத் தொடரின் ‘ஸ்ரீ’ எழுத்துத்தான் இருக்கிறது. எஞ்சினையும் பிரேக்கையும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தது தனிக்கதை என்பதால் அதை இங்கே தொடவில்லை. அதற்குப் பிறகு, ஏறக்குறைய எட்டு மாதங்கள், வண்டியின் சில்லுகளையும் வெளித்தோற்றத்தையும் ‘மஸில் கார்’ என்று சொல்லப்படும் அமெரிக்க வண்டிகளின் சாயலுக்கு மாற்றிய வேலையை மட்டுமே எழுதுகிறேன்.

செலிக்காவுக்கு அந்தச் சாயல் அந்நியமானதல்ல. ஃபோர்ட் மஸ்டாங் 1964 ஏப்ரலில் வெளிவந்து, நீண்ட பொனற்றும் குறுகிய பின்பகுதியும் உடைய ஒரு வடிவத்தை உலகத்துக்குப் பழக்கிவிட்டிருந்தது. 1970 டிசம்பரில் செலிக்காவை வெளியிட்ட டொயோட்டா அந்த இலக்கணத்தையே எடுத்துக்கொண்டது என்பது, 1973இல் வந்த லிஃப்ட்பாக்கின் சரிந்த முதுகையும் நிமிர்ந்த பட்டைகளாகப் பிரிந்த பின்விளக்குகளையும் பார்த்த எவருக்கும் விளங்கும். ஆனால் சாயல் வேறு, சதை வேறு. மஸில் கார்களின் தொடக்கமாகப் பலரும் கொள்ளும் 1964ஆம் ஆண்டு பொன்ரியாக் ஜி.டி.ஓ.வில் 6.4 லீற்றர் வி-8 எஞ்சின் இருந்தது. எங்கள் வண்டியில் இருப்பது 1588 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். ஆகவே காற்று எடுக்காத பொய்யான மூக்குத்துளைகளைப் பொனற்றில் ஒட்டுவதில்லை, சத்தத்துக்காகச் சைலன்சரை வெட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்தேன். அந்தக் காலத்து வண்டிகளின் கம்பீரத்தைப் படங்களில் பார்த்துப் பார்த்து நான் கண்டுகொண்டது இதுதான்: மட்காட்டின் விளிம்புவரை வெளியே வந்து நிற்கும் ரயர், தடித்த ரயர்ப் பக்கம், சற்றே உயர்ந்த பின்பகுதி. மற்றவையெல்லாம் அலங்காரம்.

இதைச் சொன்னபோது மருமகன் சிரித்தான். அவனுடைய நண்பர்கள் எல்லாரும் 17 அங்குல றிம்மைத்தான் பரிந்துரைத்தார்கள். கணக்குப் போட்டுக் காட்டினேன். வண்டியோடு வந்த 165 எஸ்.ஆர். 13 ரயரின் முழு விட்டம் ஏறக்குறைய 601 மில்லிமீற்றர். 17 அங்குல றிம்மில் 205/40 ரயர் (அகலம் 205 மில்லிமீற்றர், பக்கத்தின் உயரம் அதில் நூற்றுக்கு 40) போட்டால் விட்டம் 596 மில்லிமீற்றர் வரும். அளவு பொருந்தும், ஆனால் ரயர்ப் பக்கத்தின் உயரம் 82 மில்லிமீற்றர்தான். 14 அங்குல றிம்மில் 185/65 ரயர் போட்டாலும் விட்டம் அதே 596தான்; பக்கத்தின் உயரமோ 120 மில்லிமீற்றர். ஸ்பீடோமீற்றர் காட்டும் வேகத்துக்கும் உண்மையான வேகத்துக்கும் நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசம் வராது. நிலாவெளி வீதியின் வேகத்தடைகளில் 82 மில்லிமீற்றர் ரப்பரை நம்பி 50 வயது வண்டியை ஏற்றுவதற்கு எனக்கு மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம், மெல்லிய ரயர் போட்ட பழைய வண்டி, வேட்டிக்குச் சப்பாத்துப் போட்டதுபோல் எனக்குத் தோன்றும் என்பதுதான். 185/65 அளவு ரயர் நம் ஊரில் எந்த ரயர்க் கடையிலும் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

றிம் வாங்கப் புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அளவெடுப்பதிலேயே கழித்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பயன்பட்ட நாள் அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். நான்கு நட்டு ஹப்பில் (சில்லைப் பூட்டும் அச்சு முனை) பி.சி.டி., அதாவது நட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம், பார்ப்பது எளிது: எதிரெதிராக இருக்கும் இரண்டு ஸ்டட்டுகளின் (நட்டு ஏறும் புரித்தண்டுகள்) நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். 114.3 மில்லிமீற்றர், அதாவது நாலரை அங்குலம் வந்தது. அடுத்தது ஓஃப்செற். றிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்தால், ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதே ஓஃப்செற். அதை நேரே அளக்க முடியாது. றிம்மைக் குப்புறக் கவிழ்த்து, அதன் பின்விளிம்பின் மேல் ஒரு நேரான மரச்சட்டத்தை வைத்து, சட்டத்திலிருந்து ஹப் முகம்வரை அளந்தேன், 95 மில்லிமீற்றர். விளிம்போடு விளிம்பாக றிம்மின் மொத்த அகலம் 152. அதில் பாதி 76. 95இலிருந்து 76 போக மிச்சம் 19. பழைய ஐந்து அங்குல றிம்மின் ஓஃப்செற் கூட்டல் 19 என்று முடிவாயிற்று.

இனி வண்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். மேசன்மார் சுவர் பார்க்கும் தூக்குக்குண்டை இரவல் வாங்கி, சில்லைக் கழற்றி, அச்சை ஜக்கால் வழமையான உயரத்துக்குத் தாங்கிவைத்துவிட்டு, மட்காட் விளிம்பின் உள்மடிப்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, ஹப் முகத்திலிருந்து நூல்வரை அளந்தேன். முன்னால் இரண்டு பக்கமும் தாராளமாக இருந்தது. பின்னால் இடப்பக்கம் 91, வலப்பக்கம் 86. இந்த ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பார்த்து வண்டி எங்கோ அடிபட்டிருக்கிறது என்று பயந்தேன். பிறகுதான் விளங்கிற்று: செலிக்காவின் பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது ஒரு முனை உடலிலும் மறுமுனை அச்சிலும் பூட்டிய ஒற்றைத் தண்டு, அதன் ரப்பர் புஷ்கள் தேய்ந்தால் அச்சு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். இதை அப்போதே குறித்து வைத்தேன்; பின்னால் தேவைப்பட்டது.

கண்டி வீதியில் கழற்றிய சாமான் விற்கும் ஒருவரிடம் எட்டு ஆரக்கால் கொண்ட, ஜப்பானில் செய்த அலோய் (அலுமினியக் கலவை) றிம் நாலு இருந்தது. 14 அங்குலம், ஆறு அங்குல அகலம், அதே பி.சி.டி., பழைய நிசான் சன்னி ஒன்றிலிருந்து கழற்றியது. 2020 மார்ச் தொடக்கம் 2025 வரை வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த ஆண்டுகளில் பழைய வண்டிகளுக்கு மட்டுமல்ல, அவற்றின் துண்டு துணுக்குகளுக்கும் விலை ஏறிவிட்டது. நான் வாங்கப் போனபோதும் அந்த விலை இறங்கியிருக்கவில்லை. 55,000 ரூபாவுக்குப் பேசி முடித்தேன். கடை வாசலிலேயே மரச்சட்டத்தை வைத்து அளந்தபோது பின்பக்கம் 99 மில்லிமீற்றர், மொத்த அகலம் 178. ஆகவே ஓஃப்செற் கூட்டல் 10. இதன் பொருள் என்ன? 185 ரயர் ஆறு அங்குல றிம்மில் ஏறினால் ஏறத்தாழ 194 மில்லிமீற்றர் அகலமாக விரியும். அதில் பாதி 97. ஓஃப்செற்றைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளியே 87. பழைய ரயர் 67இல் நின்றது. உள்ளே ஸ்பிரிங் பக்கமாக இரண்டே மில்லிமீற்றர்தான் நெருங்கும், வெளியே 20 மில்லிமீற்றர் வரும். நான் தேடிய தோற்றம் அந்த 20 மில்லிமீற்றரில்தான் இருந்தது. ஆனால் பின் வலப்பக்கத்தில் இருக்கும் இடம் 86. ரயருக்கு வேண்டியது 87. மட்காட்டின் உள்மடிப்பை மேல்நோக்கித் தட்டிப் படுக்கவைத்தால் பத்து மில்லிமீற்றராவது கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு றிம்களை வாங்கினேன். அந்த எண்ணம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அலோய் றிம்மில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பழைய வழி ஒன்று உண்டு. றிம்மை நன்றாகக் கழுவிக் காயவைத்து, உட்புறத்தில் மண்ணெண்ணெய் பூசி ஒரு மணித்தியாலம் விட்டு, வெளிப்புறத்தில் வெண்கட்டித் தூளைத் தூவவேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் ஊறிவந்து வெண்கட்டியில் கறுத்த கோடாகக் காட்டிக்கொடுக்கும். மூன்று றிம்கள் தேறின. நான்காவதின் பின்விளிம்பில் விரல்நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. பெயின்ற்றைச் சுரண்டிப் பார்த்தால், யாரோ முன்பு ஒட்டு வைத்து மெழுகிவிட்டிருக்கிறார்கள். திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெண்கட்டிக் கோட்டைக் காட்டிய பிறகு வேறொன்றைத் தந்தார். இரண்டு வெண்கட்டித் துண்டின் செலவில் ஒரு சில்லு தப்பியது.

நம் ஊரில் அலோய் றிம்மின் எதிரி உப்பு. கிளியர் பூச்சில் கல் பட்ட ஒரு சிறு காயம் போதும். அதன் வழியே புகும் உப்பு ஈரம் பூச்சுக்கு அடியில், புழு ஊர்ந்த தடம்போல் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டுக்கொண்டு போகும். அதன்மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் நிற்காது. உலோகம் தெரியும்வரை பழையதை எடுத்தாகவேண்டும். மணல் அடித்து எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னார். எந்த மணல் என்று கேட்டேன். “கடக்கரை மணல்தான் அண்ணா, காசில்லை” என்றார். உப்பை எடுப்பதற்கு உப்பு மணலையே அடிப்பதா என்று நன்றி சொல்லித் திரும்பிவிட்டேன். பெயின்ற் கழற்றும் திராவகம் பூசி, 180, 320, 600 என்று தேய்ப்புத் தாளை மாற்றி மாற்றிக் கையாலேயே தேய்த்தேன்; ஒரு றிம்முக்கு இரண்டு மாலை என்று எட்டு மாலை போயிற்று. ரயர் உட்காரும் ஓரத்தில் படிந்திருந்த வெள்ளைத் துருவைக் கம்பி பிரஸ்ஸால் சுத்தமாக எடுக்காவிட்டால் காற்று மெல்ல மெல்லக் கசியும் என்பதால் அந்த ஓரத்துக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். ஆரக்கால்களுக்கு எபொக்சி பிரைமரும் அதன்மேல் துப்பாக்கி உலோகச் சாம்பல் நிறமும். வெளிவளையத்தைப் பெயின்ற் இல்லாமல் மினுக்கிக் கிளியர் மட்டும். நட்டு உட்காரும் குழிகளையும் ஹப்பில் ஒட்டும் முகத்தையும் டேப் ஒட்டி மறைத்து வைத்தேன். அந்த இடங்களில் பெயின்ற் இருந்தால் நட்டை இறுக்கிய பின் அது நசிந்து, இறுக்கம் தானாகவே தளரும்.

நட்டுகளைப் பற்றி எழுதும்போது என் முட்டாள்தனத்தையும் எழுதவேண்டும். றிம்களோடு வந்த மினுங்கும் நட்டுகளைப் பூட்டிப் பார்க்கும் அவசரத்தில் பின் ஹப்பில் ஒன்றை விரலால் சுழற்றினேன். இரண்டு சுற்று போயிற்று, பிறகு இறுகியது. துருவாக இருக்கும் என்று நினைத்துக் குறுக்கு ஸ்பனரைப் போட்டு அழுத்தினேன். டொயோட்டாவின் ஸ்டட் 12 மில்லிமீற்றர், புரிக்குப் புரி 1.5, நிசானின் நட்டும் 12 மில்லிமீற்றர்தான், ஆனால் புரிக்குப் புரி 1.25. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்டட்டின் புரி முழுவதும் அழிந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. டிரம்மைக் கழற்றி, அந்த ஸ்டட்டைப் பின்னுக்கு அடித்து எடுத்து, புதியதை இழுத்துப் பூட்டுவதற்கு ஒரு நாள் போயிற்று.

சரியான நட்டைத் தேடியபோது இன்னொன்றையும் கவனித்தேன். இரும்பு றிம்மின் துளை கூம்பாகக் குழிந்திருக்கும். அதற்குரிய நட்டின் முனையும் கூம்பாகவே இருக்கும். இந்த அலோய் றிம்மின் துளையோ நேரான குழாய்போன்றது. இதற்குத் தண்டு நீண்ட நட்டும் தட்டை வாஷரும் வேண்டும். நட்டின் தண்டு துளைக்குள் போய்ச் சில்லை நடுவாகப் பிடிக்கிறது. வாஷர் இறுக்கத்தைத் தாங்குகிறது. கூம்பு நட்டைத் தட்டைத் துளையில் போட்டால் விளிம்பு மட்டும் ஒட்டும். சில நாட்களில் தளர்ந்துவிடும். கொழும்பிலிருந்து வரவழைத்த 16 நட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டிச் சுற்றை எண்ணினேன்: ஸ்டட்டின் விட்டமளவுக்காவது, அதாவது 12 மில்லிமீற்றருக்கு, புரி பிடிக்கவேண்டும், ஒன்றரை மில்லிமீற்றர் புரியில் அது எட்டுச் சுற்று. எல்லாமே ஒன்பதுக்கு மேல் போயின. ஓஃப்செற் கூடிப்போன றிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே அலுமினியத் தட்டை வைத்து வெளியே தள்ளுகிறவர்கள் இந்த எட்டுச் சுற்றைத்தான் இழக்கிறார்கள். நான் அந்தத் தட்டுகளை என் வண்டிக்குப் பக்கத்தில்கூட விடமாட்டேன்.

இனி அந்தப் பத்து மில்லிமீற்றர். மட்காட் மடிப்பைத் தட்டுவதற்காக வண்டியைப் பாலையூற்றில் தகரவேலை செய்யும் ஒரு பாஸிடம் கொண்டுபோனேன். அறுபது வயதைத் தாண்டியவர். தகரத்தின் சத்தத்தைக் கேட்டே வயது சொல்லக்கூடியவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து வலப்பக்கப் பின் மட்காட்டின் விளிம்பில் வைத்தார். விழுந்துவிட்டது. நாலு விரல் மேலே வைத்தார். அங்கும் விழுந்தது. “தம்பி, இதில தட்டிறதுக்குத் தகரம் வேணுமே” என்றார்.

சுரண்டியபோது, வெளியே ஆரஞ்சு நிறத்தில் குறையில்லாமல் மினுங்கிய அந்த வளைவுக்கு அடியில் இடத்துக்கு இடம் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் பட்டி இருந்தது. பட்டிக்குப் பின்னால் தகரத்துக்குப் பதிலாகக் கசக்கிய பத்திரிகைத் தாள் அடைத்திருந்தார்கள். அதன் எழுத்துகள் ஈரத்தில் கரைந்துபோயிருந்ததால் எந்த ஆண்டு வேலை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மட்காட்டின் விளிம்பு என்பது வெளித்தகடும் உட்தகடும் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து சேரும் இடம். சில்லு வாரியடிக்கும் சேறும் உப்பும் அந்த மடிப்பின் உச்சியில் ஒரு தட்டுப்போலத் தேங்கி, ஈரத்தை வைத்துக்கொண்டே இருக்கும். கடலோர வண்டி மேலிருந்து துருப்பிடிப்பதில்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவிலிருந்துதான் துருப்பிடிக்கிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

நான்கு மாதங்கள் இங்கேதான் போயின. துருவை எல்லை தெரியும்வரை வெட்டினோம். வலப்பக்கம் 40 சென்ரிமீற்றர் நீளத்துக்கும், இடப்பக்கம் அதில் பாதிக்கும். ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தடிப்புள்ள துத்தநாகம் பூசிய தகட்டைக் காட்போர்ட் மாதிரியின்படி வெட்டி, பாஸ் மரக்குற்றியின்மேல் வைத்து மரச் சுத்தியலால் வளைத்தார். வளைவு ஒருமுறையில் வராது, தட்டி, வைத்துப் பார்த்து, திரும்பவும் தட்டி, ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள். ஒட்டும் ஓரங்களில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்த பின்பே வெல்டிங் செய்யவேண்டும். அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பழைய முறையில் காஸ் வெல்டிங்கால் ஒரே இழுவையாக ஒட்டினால் சூட்டில் தகடு அலையலையாக நெளியும் என்பதால், மிக் வெல்டிங்கால் ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, ஆறவிட்டு மறுபடி என்று போனோம். விளிம்பில் உள்மடிப்பைச் செங்குத்தாக விடாமல் ஆரம்பத்திலேயே மேல்நோக்கிப் படுக்கவைத்து ஒட்டியதால், நான் தேடிய பத்து மில்லிமீற்றர் தட்டாமலே கிடைத்தது. இரண்டு தகடுகளும் சேரும் இடத்தில் துத்தநாகப் பிரைமரும், மேலே இழுபடும் சீலரும், உள்ளே மெழுகும். உட்தகட்டின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய ஒரு துளை. பழைய வண்டியில் அந்தத் துளை இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருந்தாலும் பத்திரிகைத் தாள் அதை அடைத்திருக்கும்.

நிறத்தைப் பற்றி நிறைய யோசித்துவிட்டுக் கடைசியில் ஆரஞ்சிலேயே நின்றேன். பதிவுச் சான்றிதழில் எழுதியிருப்பது அந்த நிறம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நிறமாற்றம் பதிய அலையத் தேவையில்லை. தவிர, ஆரஞ்சும் கறுப்பும் அந்தக் காலத்து வண்டிகளுக்கு இயல்பான சேர்க்கை. கதவுக்குக் கீழே உள்ள தகடு நெடுகக் கறுப்புப் பட்டை, அதற்குமேல் விரலகல வெள்ளைக் கோடு, பொனற்றின் நடுப்பகுதி மங்கல் கறுப்பு. பொனற்றை மங்கல் கறுப்பாக்கும் வழக்கம் சாரதியின் கண்ணில் வெயில் தெறிக்காமலிருக்கத் தொடங்கியது. அலங்காரத்திலும் ஒரு பயன் இருப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் மங்கல் கறுப்பைக் கையால் தொட முடியாது, மினுக்கிச் சரிசெய்யவும் முடியாது. மினுக்கினால் அது மங்கலாக இராது. கறை பட்டால் முழுவதும் திரும்ப அடிக்கவேண்டியதுதான்.

பெயின்ற் வேலை ஆடி மாதத்தில் விழுந்தது. இது என் திட்டமிடலின் பிழை. கச்சான் காற்று பத்து மணிக்கெல்லாம் எழும்பிப் புழுதியை அள்ளிவரும். விடியற்காலையில் அடிக்கலாமென்றால் தகட்டில் பனி ஈரம். காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடைப்பட்ட இரண்டு மணித்தியாலம்தான் கிடைத்தது. சுற்றிலும் தறப்பாள் கட்டி, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, மூன்று காலைகளில் மூன்று பூச்சாக முடித்தோம். கடினமாக்கி கலக்கும் இரட்டைக் கலவைப் பெயின்ற்றையே எடுத்தோம். பழைய லக்கர் வகை ஈரக்காற்றில் வெளிறிப் பால்படர்ந்ததுபோல் ஆகிவிடும். இரட்டைக் கலவையின் கடினமாக்கியில் இருக்கும் ஐசோசயனேற்று நுரையீரலுக்குப் பகை. முகத்தில் கட்டிய கைலேஞ்சி அதற்குப் பாதுகாப்பாகாது. பாஸ் நாற்பது வருடமாகக் கைலேஞ்சியோடுதான் அடித்து வந்திருக்கிறார். கரி உறை போட்ட முகமூடி வாங்கிக் கொடுத்தும், “மூச்சு முட்டுது தம்பி” என்று முதல் நாள் கழற்றி வைத்தார். முகமூடி போடாவிட்டால் வேலையை நிறுத்துகிறேன் என்று சொன்ன பிறகே போட்டார். இரண்டாவது பூச்சில் புழுதி விழுந்து கரடுதட்டிய இடங்களைக் கடைசியில் 1200 தேய்ப்புத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மினுக்கினோம்.

வெள்ளைக் கோட்டுக்குப் பெயின்ற் கலக்கும்போது மருமகனிடம் ஒன்று சொன்னேன். புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளும் கறுப்பு மணலில் இல்மனைற்று இருக்கிறது. இல்மனைற்றிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ற்றின் உயிரான டைட்டேனியம் டைஒக்சைட்டை எடுக்கிறார்கள். நம் மணல் கறுப்பாகக் கப்பலேறிப் போகிறது, வெள்ளையாகத் தகர டப்பாவில் அடைபட்டு வருவதை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். அவன் கோடு நேராக வருகிறதா என்று பார்ப்பதிலேயே குறியாக இருந்தான்.

குரோம் பம்பர்களைப் புதிதாக முலாம் பூசுவதற்கு அனுப்பவில்லை. கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் மேல்துரு கரைந்து வருகிறது. குழி விழுந்த இடங்கள் குழியாகவே இருக்கும். ஐந்தடி தள்ளிநின்று பார்ப்பவருக்குத் தெரியாது. கிட்ட வந்து பார்ப்பவருக்கு வண்டியின் வயது தெரிந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஹப் முகங்களைக் கம்பி பிரஸ்ஸால் தேய்த்து, அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமலிருக்க மிக மெல்லியதாகக் கிரீஸ் பூசி (ஸ்டட் புரிகளில் ஒரு சொட்டும் படாமல்), சில்லுகளை ஏற்றி, நட்டுகளை எதிரெதிராக 100 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். பின் ஸ்பிரிங்குகளின் கீழ்த் தட்டில் பத்து மில்லிமீற்றர் ரப்பர் வைத்துப் பின்பகுதியைச் சற்று உயர்த்தினேன். முன் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்கவில்லை. பிறகு நிலாவெளி வழியாகக் குச்சவெளிவரை போய்வந்து, ஆறியபின் நட்டுகளைத் திரும்பச் சோதித்தேன். இரண்டு நட்டுகள் கால் சுற்று வாங்கின.

மறுவாரம் பின்னால் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு உப்புவெளியில் ஒரு வேகத்தடையை ஏறி இறங்கியபோது, பின் வலப்பக்கத்தில் ‘சர்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ரயரின் தோளில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நூல்கோடு. குறித்துவைத்திருந்த 86உம் 91உம் அப்போது நினைவுக்கு வந்தன. பக்கவாட்டுத் தண்டின் புஷ்களை மாற்றியதும் அச்சு மூன்று மில்லிமீற்றர் நடுவுக்கு நகர்ந்தது. மடிப்பின் ஓரத்தில் ஒரு சிறு பிசிறையும் அரத்தால் எடுத்தோம். அதே மூன்று பேரை, அதே வேகத்தடையில், இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். சத்தமில்லை.

மாமா வண்டியைப் பார்க்க வந்தபோது நிறத்தைப் பற்றியோ கோட்டைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. ஒருமுறை சுற்றிவந்து, பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, “அந்தப் பழைய றிம் நாலும் எங்க?” என்று கேட்டார். மூன்றைக் கிரீஸ் பூசி உரப்பையில் சுற்றிப் பரணில் வைத்திருப்பதாகவும், ஒன்று டிக்கிக்குள் மேலதிகச் சில்லாக இருப்பதாகவும் சொன்னேன். அதன் 601 மில்லிமீற்றர் விட்டம் புதிய சில்லோடு ஐந்து மில்லிமீற்றர்தான் வித்தியாசம் என்பதால் அவசரத்துக்குப் போதும். “அதுக்கு நட்டு?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. தண்டு நீண்ட புதிய நட்டு இரும்பு றிம்மைப் பிடிக்காது. பழைய கூம்பு நட்டுகளை நான் வீட்டில் ஒரு பால்மா டின்னுக்குள் போட்டுவைத்திருந்தேன். கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ ரயர் வெடித்திருந்தால் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் நின்றிருப்பேன். அன்று மாலையே நாலு கூம்பு நட்டுகளைத் துணிப்பையில் போட்டு ஜக்கோடு சேர்த்துக் கட்டி டிக்கிக்குள் வைத்தேன்.